ஒரு கழுத்தும் தப்பாது

கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குவதற்குச் சரியாக நானூறு அடி முன்னால், மீனாட்சிபுரத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே, எல்லைப்புறக் கழுத்து நலப் பேரவை என்றொரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கழுத்துவலி என்று வருகிறவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அது வெறும் வலியாக இருக்காது. உள்ளே தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கும், அல்லது சீழ் கோத்திருக்கும், அல்லது புற்று அரித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களை முதல் நாளே கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். நல்ல நோக்கம். நல்ல நோக்கத்துக்கு ஒரு தலைவரும், இரண்டு துணைத்தலைவர்களும், ஏசி போட்ட கூட்ட அறையும், வாசலில் பளிங்கில் செதுக்கிய ஏழடி உயரக் கழுத்து ஒன்றும் தேவைப்பட்டன. கழுத்துக்குத் தலையும் கிடையாது, உடம்பும் கிடையாது. அதன் கீழே, ‘எங்கள் கண்ணுக்கு ஒரு கழுத்தும் தப்பாது’ என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள்.

அபாய அறிகுறிகள் மொத்தம் பதினொன்று என்று பேரவை பட்டியல் போட்டிருந்தது. பட்டியலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கைவிரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது, நடை தள்ளாடுவது, மூத்திரம் போக முடியாமல் நிற்பது, தலையைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வது, கால் தன்பாட்டில் வெடுக்கென்று உதைப்பது என்று எல்லாம் முறையாக எழுதப்பட்டிருந்தன. ஊழியர்கள் அதைத் தினமும் காலையில் எழுந்து நின்று கூட்டாக ஒப்பித்தார்கள். மூன்று வருடத்தில் பேரவை பரிசோதித்த கழுத்துகள் நாற்பத்தோராயிரம். கண்டுபிடித்த அபாய அறிகுறிகள் பூஜ்யம். இதில் யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் சந்தேகப்படவில்லை. சுற்று வட்டாரமே அவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று மேலிடத்தில் மகிழ்ந்துபோய், அந்தப் பகுதியை ‘அபாய அறிகுறியற்ற எல்லை’ என்று பிரகடனம் செய்ய நாள் குறித்துவிட்டார்கள்.

அந்த நாளில் ஈஸ்வரமூர்த்தி கோயம்புத்தூருக்குப் புறப்பட்டதுதான் அவர் செய்த குற்றம்.

ஈஸ்வரமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது, நாலு கறவை மாடு, அறுபது தென்னை. குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். இருபது நாளைக்கு முன்பு விடிகாலையில், புதிதாகக் கன்று போட்ட கலப்பின மாடு, கன்றுக்குட்டியை அவிழ்க்கக் குனிந்தவரைத் தாடைக்கு அடியில் கொம்பு கொடுத்துத் தூக்கிற்று. தூக்கியதோடு விடவில்லை. கட்டுத்தறிக் கம்பத்தில் இரண்டு தடவை அறைந்து, பிறகு கல் தொட்டிக்குள் வீசியது. மனைவி கருப்பாத்தாள் மண்வெட்டிப் பிடியால் அதன் மூக்கில் மொத்தியிருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அவர் எழுந்தார், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார், மற்ற மூன்று மாட்டையும் கறந்து முடித்தார். பால் சொசைட்டி வண்டி ஆறரைக்கு மேல் நிற்காது.

கழுத்து வலித்தது. வலி எல்லோருக்கும் வருவதுதான் என்று தைலம் தடவிக்கொண்டார். பத்து நாளில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காம்பைப் பிடித்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல், மாடுகள் ஒவ்வொன்றாக அவரை உதைக்க ஆரம்பித்தன. பஞ்சு மெத்தைமேல் நடப்பதுபோலத் தரை மெத்தென்று இருந்தது. தோப்பில் தென்னை மறைவில் கால்மணி நேரம் நின்றாலும் மூத்திரம் வரவில்லை. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். இப்படியும் ஒரு வைத்தியம் உண்டு என்று நினைத்த அந்த நல்ல மனிதரை என்னவென்று திட்டுவது?

கண்டுபிடித்தது ஜிஸ்மி. கால்நடை ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்டர். மாட்டுக்கு ஊசி போட வந்தவள், தொழுவத்திலிருந்து அவர் வாசலுக்கு நடந்து வருவதைப் பார்த்ததும் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“சேட்டா, ஒரு செருப்பு எங்க?”

ஈஸ்வரமூர்த்தி குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. அது தொழுவ வாசலிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

“மூத்திரம் எப்போ போச்சு?”

“அது... போகுமுங்க அம்மணி. செத்த நேரமாகும்.”

“எங்கிட்ட எதுக்கு நாணம்? நான் தெனமும் பசுவோட பின்னாடி நிக்கிறவளாக்கும்.” அவள் கருப்பாத்தாளிடம் திரும்பினாள். “சேச்சி, ஒரு பசு இப்படி நடந்துச்சுன்னா நான் நாளைக்குப் பாக்கலாம்னு சொல்ல மாட்டேன், கேட்டோ. உள்ள தண்டுவடம் நசுங்குது. இன்னிக்கே ஆப்பரேஷன் பண்ற ஆசுபத்திரிக்குப் போகணும். வைகினா, நேரமாச்சுன்னா கையும் காலும் போயிரும். அப்புறம் கரைஞ்சு அழுது காரியமில்ல.”

கருப்பாத்தாள் தீவனக் கடை நஜீமுக்கு ஃபோன் போட்டாள். அவன் புண்ணாக்கு மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். ஜிஸ்மி ஒரு துண்டைச் சுருட்டி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டி, தலை அசையாமல் முன் சீட்டில் உட்காரவைத்து, கருப்பாத்தாளோடு தானும் ஏறிக்கொண்டாள். மணி ஒன்பது. ஒன்றரை மணி நேரத்தில் கோயம்புத்தூர். அவர் தன் காலால் நடந்து வந்துதான் வண்டியில் ஏறினார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கு நானூறு அடி இருக்கும்போது ரோட்டின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. ஆரஞ்சு பனியன் போட்ட தொண்டர்கள் இருபது பேர் நின்றார்கள். பிரகடன நாளில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டுகிற எவனும் பேரவையின் மானத்தையே எடுத்துக்கொண்டு போகிறான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. துண்டு கட்டிய கழுத்தைக் கண்டதும் விசில் ஊதினார்கள். அவர்களுக்குத் தலைவன் சிவப்பிரகாஷ், பேரவையின் அமைதிப் பிரிவு மேற்பார்வையாளர். முன்பு ஜிம் வைத்திருந்தவன். கதவைத் திறந்து, “பயப்படாதீங்க ஐயா, உங்க நல்லதுக்குத்தான்” என்று மிகவும் கனிவாகச் சொல்லி, ஈஸ்வரமூர்த்தியை இரண்டு அக்குளிலும் கைகொடுத்து வெளியே பிடுங்கினான்.

தலை பின்னால் சாய்ந்து முன்னால் விழுந்தது. பிடரியிலிருந்து குதிகால்வரை நெருப்புக் கம்பி ஒன்று இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்த காக்காய் எல்லாம் கிளம்பிவிட்டது.

“அவரைத் தொடாதீங்க! கழுத்த அசைக்கக் கூடாது!” என்று ஜிஸ்மி கத்தினாள்.

“நீங்க டாக்டருங்களா?”

“கால்நடை...”

“அப்ப வாய மூடுங்க” என்றான் சிவப்பிரகாஷ்.

நஜீம் இறங்கி அவன் பனியனைப் பிடித்தான். நான்கு தொண்டர்கள் நஜீமைப் பிடித்தார்கள். மூக்கில் ஒரு குத்து, வயிற்றில் இரண்டு. வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அபாய அறிகுறி விழிப்புணர்வுக் கையேடு ஒன்றை அவன் சட்டைப்பைக்குள் மறக்காமல் செருகினார்கள்.

முதல் அறையில் விரல் பரிசோதனை. ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார்கள். ஈஸ்வரமூர்த்தி ஒரு பொத்தானோடு ஐந்து நிமிடம் போராடினார். விரல்கள் யாரோ வேற்று ஆளுடைய விரல்கள்போல அதைத் தட்டித் தட்டி விட்டன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டை மட்டமான துணி என்று குறித்துக்கொண்டார். பிறகு ஒரு உதவியாளர் வந்து ஏழு பொத்தானையும் போட்டுவிட, ‘பொத்தான்கள் போடப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டாவது அறையில் நடை. தரையில் வெள்ளைக் கோடு. அதன்மேல் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் அவர் இடதுபக்கம் சாய்ந்தார், கையை நீட்டினார், கை எதையும் பிடிக்கவில்லை. பேரவை வாங்கிய கேடயங்கள் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரிக்குள் தோளோடு போனார். கண்ணாடி உடைந்து முழங்கையைக் கிழித்தது. சதை வெள்ளையாகத் தெரிந்து பிறகு சிவந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, வலித்தால்தானே பார்ப்பார். “மன்னிச்சுக்கோங்க, கண்ணாடிய ஒடைச்சுப்போட்டேன்” என்றார். இரண்டு பேர் அவரை இருபுறமும் தூக்கிப் பிடித்து, கால் தரையில் இழுபடக் கோட்டின் கடைசிவரை கொண்டுபோனார்கள். ‘கோட்டைக் கடந்தார்.’

மூன்றாவது அறையில் ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடிவயிறு பானைபோல உப்பியிருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. ‘சுயக்கட்டுப்பாடு பாராட்டத்தக்கது’ என்று எழுதினார்கள்.

இந்த நேரமெல்லாம் கருப்பாத்தாளைக் காத்திருப்பு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள். “ஏனுங்க, எங்கூட்டுக்காரர விட்டுருங்க. பொழுது போயிட்டே இருக்குதுங்க. அவருக்குக் கை கால் போயிருமாமா. உங்களக் கையெடுத்துக் கும்புடறனுங்க” என்று ஒவ்வொரு கதவிடமும் ஒரே மாதிரி சொன்னாள். கதவுகள் எல்லாம் தேக்கு.

நான்காவது அறைக்குத் தலைவரே வந்தார். டாக்டர் பூபதிராஜா. பிரகடன மலருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது, நோயாளியின் முழங்காலைத் தலைவர் கனிவோடு உற்றுப் பார்ப்பதுபோல. பட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் தாழ்த்தி, முழங்காலுக்கு எதிரே வைத்தார். உதவியாளர் ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே லேசாகத் தட்டினார்.

தண்டுவடம் நெரிபட்ட மனிதனின் கால் அந்தத் தட்டலுக்கு எப்படிப் பதில் சொல்லும் என்பது பட்டியலிலேயே ஏழாவதாக இருக்கிறது. கால் விசைபோலக் கிளம்பித் தலைவரின் வாயில் இறங்கியது. அவர் நாற்காலியோடு மல்லாந்து, கேமராக்காரரையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். முன்பல் ஒன்று மேஜைக்கடியில் உருண்டது. ஈஸ்வரமூர்த்தியின் பாதம் அதோடு நிற்காமல் டக்டக்டக்கென்று தன்பாட்டில் துள்ளிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கப் பார்த்தார், கையும் கேட்கவில்லை. “ஐயோ, நான் ஒதைக்கலீங்க! சாமி சத்தியமா நான் ஒதைக்கலீங்க!” என்று அழுதார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த ஜிஸ்மி, “இதுதான்! ஏழாவது அறிகுறி! நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, வாயிச்சுப் பாருங்க!” என்று சுவரில் மாட்டியிருந்த பட்டியலைக் காட்டினாள்.

தலைவர் கைக்குட்டையில் ரத்தத்தைத் துப்பினார். “ஏழாவது அறிகுறி நோயாளியிடம் காணப்பட வேண்டும் என்று விதி. இங்கே பாதிப்பு காணப்படுவது என்னிடம்” என்றார். சட்டம் படித்தவர் போலும்.

அமைதிப் பிரிவு வரவழைக்கப்பட்டது. சிவப்பிரகாஷ் பின்னாலிருந்து கையை வளைத்து ஈஸ்வரமூர்த்தியின் கழுத்தைப் பூட்டினான். கழுத்துவலிக்காகக் கட்டிய கட்டடத்தில், சுவர் முழுக்கக் கழுத்துப் படம் மாட்டிய அறையில், அந்தக் கழுத்தை அவன் நெரித்தான். அவர் முகம் நீலமாயிற்று. கண் பிதுங்கிற்று. அப்போதுதான் கருப்பாத்தாள் உள்ளே வந்தாள். கையில் கிடைத்த ரப்பர் சுத்தியலை எடுத்து அவன் காதோரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள். ரப்பர்தான், ஆனால் கை, மண்வெட்டி பிடித்த கை. அவன் பிடியை விட்டான். இரண்டு தொண்டர்கள் அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கையை அவள் கடித்ததில் அவன் கட்டைவிரலில் எலும்புவரை பல் இறங்கியது. மருந்து அலமாரி கவிழ்ந்தது. ஜிஸ்மியை யாரோ சுவரோடு சேர்த்துத் தள்ளியதில் நெற்றி பிளந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த அறையில் முழுசாக இருந்தது பட்டியல் ஒன்றுதான்.

தலைவர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். பல் போன வாயோடு அவர் நிதானமாகப் பேசினார். எனக்கு அந்த நிதானத்தை நினைத்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

“அம்மா, உங்களுக்கு உங்கள் கணவர் ஒருத்தர் கழுத்துதான் தெரிகிறது. எனக்கு நாற்பத்தோராயிரம் கழுத்து தெரிகிறது. அபாய அறிகுறியைக் கண்டுபிடிப்பது ஒரு பெரிய வித்தையா? மாட்டுக்கு ஊசி போடுகிற இந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வருடமாக ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வாசலில் நுழையும்போதே தெரிகிறதம்மா. தள்ளாடிக்கொண்டு வருகிறான், மெலிந்துபோய் வருகிறான், காய்ச்சலோடு வருகிறான். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் கண்ணை மூடிக்கொள்வதில்லை. மூடிக்கொண்டால் அது அலட்சியம். கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு பார்க்காமல் இருக்கிறோம். அதற்குப் பெயர் நிர்வாகம்.”

ஊழியர்கள் கை தட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

“நாளைக்கு உங்களை நானே வழியனுப்பி வைக்கிறேன். இன்றைக்கு மட்டும் இவர் எல்லை தாண்டக் கூடாது. இன்னொன்று. குணமடைந்த பயனாளிகள் ஒன்பது பேர் மேடையில் நிற்க வேண்டும். ஒன்பதாவது ஆள் நேற்றுக் காலமாகிவிட்டார். எதனால் என்று விசாரிப்பது நம் வேலை அல்ல. இவர் உயரம் சரியாக இருக்கிறது.”

கருப்பாத்தாளையும் ஜிஸ்மியையும் நஜீமையும் பந்தலின் கடைசி வரிசையில், தொண்டர்களுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். ஈஸ்வரமூர்த்தியை முகம் கழுவி, விபூதி இட்டு, மேடையில் ஒன்பதாவது இடத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து சிவப்பிரகாஷ் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டான். விட்டால் விழுந்துவிடுவார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு பரிசோதனைதான், பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வந்து சேர மணி இரண்டானது. அவருக்குப் போட, பேரவையின் இடுக்கிக் கிளைக்காரர்கள் வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய் மாலை ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். முழங்காலைத் தொடுகிற நீளம், ஆள் கைப் பருமன், எட்டு கிலோ எடை. முதல் தர ஏலக்காயை ஒவ்வொன்றாகக் கோத்து, நடுவில் வெள்ளியில் ஒரு பதக்கம். இரண்டு பேர் தூக்கி அவர் கழுத்தில் போட்டார்கள். மாலை போட்டுக்கொண்டவர்கள் அதைக் கழற்றி ஒரு ஏழையின் கழுத்தில் போடுவது பெருந்தன்மை என்று நம் மேடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. கனம் தாங்காமல் கழற்றுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. விருந்தினர் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார், மாலையைக் கழற்றினார், சுற்றுமுற்றும் ஒரு ஏழையைத் தேடினார். வரிசையின் கோடியில், துண்டு கட்டிய கழுத்தோடு, கண்ணில் நீர் வழிய நின்ற மனிதர் அவருக்குப் பிடித்துப்போனார்.

“வேண்டாமுங்க” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “ஐயா, கழுத்துக்கு வேண்டாமுங்க.”

“என்ன அடக்கம் பாருங்கள்!” என்றார் தலைவர் மைக்கில்.

பந்தலின் கோடியிலிருந்து ஜிஸ்மி, “அருது! போடக் கூடாது! அருது!” என்று அலறினாள். ஒருவன் அவள் வாயைப் பொத்தினான். மேடையில் துண்டை உருவினார்கள். எட்டு கிலோவும் ஒரே சமயத்தில் பிடரியில் இறங்கியது. தலை மார்பில் முட்டியது. உள்ளே ஏதோ ஒன்று பச்சைக் குச்சி ஒடிவதுபோல் முறிவதை ஈஸ்வரமூர்த்தி தன் காதுக்குள்ளேயே கேட்டார். அந்த நெருப்புக் கம்பி கடைசியாக ஒரு தடவை குதிகால்வரை ஓடி, பிறகு அணைந்துபோயிற்று. வேட்டி சிவப்பிரகாஷின் கையிலிருந்து நழுவ, அவர் விருந்தினரின் காலடியில் முகங்குப்புற விழுந்தார். கையை ஊன்றவில்லை. மூக்கு பலகையில் மோதி உடைந்தது.

“அன்பர்களே!” என்று தலைவரின் குரல் பந்தல் முழுக்க அதிர்ந்தது. “நன்றிப் பெருக்கால் அவர் சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டார்!”

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. மற்ற எட்டுப் பயனாளிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் விழுந்து நாம் விழாமல் நின்றால் மரியாதை இல்லை என்று தோன்றவே, வரிசையாக ஒவ்வொருவராக விழுந்தார்கள். விருந்தினர் எட்டுப் பேரையும் தோளைத் தொட்டு எழுப்பினார். ஒன்பதாவது ஆளைத் தொட்டார். எழவில்லை. “பாவம், நெகிழ்ந்துபோயிருக்கிறார்” என்று நகர்ந்தார்.

கருப்பாத்தாள் எப்படி மேடைக்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளைத் தடுத்தவர்களில் ஒருவனுக்கு விலா எலும்பு போனது மட்டும் பிறகு தெரிந்தது. பக்கத்தில் மண்டியிட்டு, ஏலக்காய் மாலையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஏனுங்க... ஏனுங்க... எந்திரிங்க.”

“என்ற காலு எங்க கெடக்குது புள்ள?” என்று கேட்டார் அவர், பலகையில் வாய் அழுந்தியிருக்க.

சிவப்பிரகாஷ் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனான். அவள் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கினாள். இந்தத் தடவை அது ரப்பர் இல்லை. முதல் அடியில் தோள்பட்டை, இரண்டாவதில் முழங்கை. ஒலிபெருக்கி வழியாக இரண்டு அடியும் மூன்று கிலோமீட்டர் வரைக்கும் கேட்டன. விருந்தினர் மேடைக்குப் பின்னால் குதித்து ஓடினார். தலைவர் மேஜைக்கு அடியில் புகுந்தார். பந்தலில் நாற்காலிகள் பறந்தன. யார் யாரை எதற்காக அடிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் ஊர்க்காரர்களும் தொண்டர்களும் அடித்துக்கொண்டார்கள். மூன்று வருடமாகக் கழுத்து வலித்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள்.

அந்தக் கலவரத்தில் நஜீம் ஒருவனை மிதித்து வண்டிச் சாவியைப் பிடுங்கினான். பிக்கப்பைப் பின்பக்கமாகவே பந்தலுக்குள் ஓட்டினான். வளைக்கும்போது வண்டியின் பின்பக்கம் வாசல் பளிங்குக் கழுத்தில் இடித்தது. ஏழடிக் கழுத்து ஒரு தடவை ஆடி, நடுவில் முறிந்து, கீழே விழுந்தது.

பேரவை ஊழியர்கள் அத்தனை பேரும் அடிதடியை விட்டுவிட்டு அங்கே ஓடினார்கள். சுற்றி வளைத்து நின்றுகொண்டு, “யாரும் தொடாதீங்க! அசைக்காதீங்க! ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வையுங்க! அப்படியே இருக்கட்டும்!” என்று கத்தினார்கள். கழுத்து முறிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது.

மேடையில் ஜிஸ்மி, நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, ஈஸ்வரமூர்த்தியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணினாள். உடைந்த பெஞ்சின் பலகைமேல் அவரை ஒரே கட்டாகப் புரட்டி வண்டியில் ஏற்றினார்கள். மூங்கிலை உடைத்துக்கொண்டு வண்டி அந்த நானூறு அடியைத் தாண்டியபோது மணி மூன்று.

கோயம்புத்தூரில் அறுவை செய்த டாக்டர் வயதில் சின்னவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கருப்பாத்தாளைப் பார்த்தார்.

“காலைல நடந்து வந்துதான் வண்டி ஏறினாருன்னு சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“அப்பவே இங்க வந்திருந்தா நடந்தே திரும்பிப் போயிருப்பாரும்மா. கழுத்துல ஏற்கெனவே எலும்பு வெடிச்சு நரம்ப அமுத்திட்டிருந்திருக்கு. இன்னிக்கு மறுபடி ஒடிஞ்சு நொறுங்கியிருக்கு.” அவர் படத்தைக் கீழே வைத்தார். “உசிரு இருக்கும்.”

கருப்பாத்தாள் அவரைத் திட்டவில்லை, அழவுமில்லை. உயிர் இருக்கும் என்று சொன்னதற்குக் கை கூப்பினாள்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஈஸ்வரமூர்த்தி மல்லாந்தபடி, தலைக்கு இரும்பு வளையம் பூட்டி, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பேச முடிந்தது. விழுங்க முடிந்தது. தோளுக்குக் கீழே தனக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் கருப்பாத்தாள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது, இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். முகம் அவர் கண்ணுக்கு எட்டவில்லை, குரல் மட்டும் கேட்டது. மிகவும் மரியாதையான குரல்கள். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்களா, மாடெல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். பிரகடனம் நல்லபடியாக நிறைவேறி மேலிடத்திலிருந்து கேடயம் வந்துவிட்டதாகவும், அதில் அவருக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னார்கள். பக்கத்தில் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு போய்விட்டார்கள்.

கருப்பாத்தாள் திரும்பி வந்து கஞ்சித் தூக்கை வைத்தாள். போர்வைக்கு வெளியே அவர் இடது கை கிடந்தது.

“ஏனுங்க, பெருவெரல்ல என்னங்க இது மை?”

“மையா? எந்தக் கையில?”

கையைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். கட்டைவிரல் முழுக்க நீலமாக, ரேகை தெளிவாக இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஆருங்க வந்தது?”

“பேரவைல இருந்து வந்தாங்க புள்ள. நெம்ப மரியாதையாப் பேசினாங்க.”

அலமாரிமேல் கார்பன் நகல் ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். கருப்பாத்தாளுக்குப் படிக்கத் தெரியும். மேற்படி தேதியில் என் கழுத்தில் அபாய அறிகுறி எதுவும் காணப்படவில்லை என்று என் முழுச் சம்மதத்தோடு உறுதி கூறுகிறேன் என்று இருந்தது.

அவள் துண்டை நனைத்து அந்த விரலைத் தேய்த்தாள். மை போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பாத்திரம் விளக்குகிற நாரை எடுத்து, மொத்த பலத்தையும் கொடுத்துத் தேய்த்தாள். தோல் உரிந்தது. அதன்கீழே இருந்த தோலும் உரிந்து ரத்தம் முழங்கைவரை வழிந்து படுக்கையில் சொட்டியது.

ஈஸ்வரமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ன புள்ள, தொடைக்க ஆரம்பிச்சுட்டயா?”